இரத்தச்சோகை சோம்பல் அல்ல, சம்பளப் பிரச்சினை



மலை ஏறும்போது மூச்சு வாங்குகிறது, பகலாகுமுன் கால் துவண்டு விடுகிறது, தலை சுற்றுகிறது என்று சொல்லும் பெண்ணுக்கு நமது தோட்டங்களில் கிடைக்கும் பெயர் "சோம்பேறி". கொழுந்து குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் விழுந்தது சம்பளச் சீட்டில் தெரியும். அவளுடைய இரத்தத்தில் என்ன குறைந்திருக்கிறது என்பது எந்தச் சீட்டிலும் இருக்காது. அதனால்தான் இரத்தச்சோகையை ஆஸ்பத்திரி விஷயம் என்று ஒதுக்காமல், சங்க விஷயமாகவும் பேச வேண்டும் என்கிறோம்.

மூச்சில் இழுக்கும் காற்றிலுள்ள ஒட்சிசனை உடம்பெங்கும் சுமந்து செல்வது இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின். அதை உண்டாக்க இரும்புச்சத்து வேண்டும். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11 கிராமுக்குக் கீழே போனால், அது இரத்தச்சோகை. மாதவிலக்கிலும் பிரசவத்திலும் இரத்தம் போவதால் பெண்களையே இது அதிகம் பிடிக்கிறது. இரத்தம் குறைந்த உடம்பால் கூடையோடு சரிவில் ஏற முடியாது. இதற்கு மனசைக் குறை சொல்லிப் பயனில்லை.

இது புதிய கதையும் அல்ல. நூறு வருடங்களுக்கு முன் நம் பாட்டன் பாட்டிமாரின் இரத்தத்தைக் கொழுக்கிப் புழு உறிஞ்சியது. வெறுங்காலோடு நடப்பவரின் பாதத்தைத் துளைத்து உள்ளே போகும் புழு அது. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களில் அதற்கு மருந்து கொடுக்கத் தொடங்கினார்கள். மருந்து கொடுக்கச் சம்மதித்த துரைமார் பலர், மலசலகூடம் கட்டச் செலவழிக்கத் தயங்கினார்கள். மருந்து குடித்தவர் மறுபடியும் அதே மண்ணில் நடந்தார், மறுபடியும் புழு ஏறியது. ஆளுக்கு மருந்து கொடுத்துவிட்டு அவர் வாழும் இடத்தை அப்படியே விட்டால் நோய் திரும்பி வரும். இந்தப் பாடம் இன்றைக்கும் பொருந்தும்.

அடுத்தது நமது தேத்தண்ணி. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் ஹேவாஹெட்டப் பக்கம் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை பயிரிட்டதிலிருந்து, கண்டி மலைகளின் கொழுந்து உலகமெல்லாம் போகிறது. நாம் ரொட்டியும் சம்பலும் தின்று, அதோடு சாயத்தண்ணி குடிக்கிறோம். தேயிலையிலுள்ள துவர்ப்புச் சத்து, தானியத்திலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. சாப்பாட்டோடு ஒரு கோப்பை குடித்தாலே சேரவேண்டிய இரும்பு பாதிக்கு மேல் குறையலாம். தேத்தண்ணியை விடச் சொல்லவில்லை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் முன்னும் பின்னும் அதைத் தள்ளி வையுங்கள். காலையில் எழுந்ததும் குடியுங்கள், மாலையில் வீடு திரும்பியதும் குடியுங்கள். மலையில் ரொட்டி தின்னும்போது ஒரு போத்தல் தண்ணீரில் தேசிக்காய் பிழிந்து வைத்துக் குடியுங்கள். புளிப்பு இரும்பை உடம்பில் சேர்க்கும்.

இரும்புச்சத்து என்றால் இறைச்சி, ஈரல் என்பார்கள். அவற்றிலுள்ள இரும்பு உடம்பில் சுலபமாகச் சேரும் என்பது உண்மை. சம்பள நாளுக்கு அடுத்த ஞாயிறு மட்டும் இறைச்சி வாங்கும் வீட்டுக்கு அந்தப் புத்திமதி போதாது. நம்மால் முடிந்தது: பருப்பு, கௌப்பி, பயறு, கடலை. பயறையும் கடலையையும் இரவில் ஊறவைத்து முளைகட்டிச் சமைத்தால் இரும்பு இன்னும் நன்றாகச் சேரும். பருப்புக் கறியில் ஒரு பிடி நெத்தலி போட்டால், மீனிலுள்ள சத்து பருப்பிலுள்ள இரும்பையும் சேர்த்துக்கொடுக்கும். முளைக்கீரை, பொன்னாங்காணி, வல்லாரை எதுவானாலும் இறக்கிய பிறகு தேசிக்காய் விடுங்கள். கீரையை லயத்துப் பக்கத்தில் பாத்தி போட்டுப் பறியுங்கள். மருந்தடித்த தேயிலை நிரையில் பறிக்க வேண்டாம். கொய்யாப்பழம் கிடைக்கும் காலத்தில் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டோடு கொடுங்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நமது வீடுகளில் முட்டையும் மீன் துண்டும் முதலில் போவது ஆண்களின் தட்டுக்கு. சமைத்தவள் கடைசியில் சட்டியில் மிஞ்சியதைத் தின்கிறாள். இரும்பு அதிகம் தேவைப்படுவது அவளுக்கு. அதற்கடுத்து வயதுக்கு வந்த மகளுக்கு. கம்பனியிடம் நியாயம் கேட்கும் நாம் அடுப்படியிலும் நியாயமாக இருக்க வேண்டும்.

சாப்பாடு மட்டும் போதாது. இரத்தம் ஏற்கனவே இறங்கியவருக்கு மாத்திரை வேண்டும். கிளினிக்கில் கொடுக்கும் இரும்பு மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும், சிலருக்கு வயிறு இறுகும். அதற்குப் பயந்து நிறுத்த வேண்டாம், மருத்துவிச்சி அம்மாவிடம் சொல்லுங்கள். தேத்தண்ணியோடும் பாலோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்த்துக் குடிக்க வேண்டாம். எல்லாச் சோகையும் இரும்புக் குறைவால் வருவதும் அல்ல. தலசீமியா போன்ற பரம்பரை நோயுள்ளவருக்கு இரும்பு கூடினால் கெடுதலும் வரும். ஆகவே கடையில் வாங்கி விழுங்காமல் முதலில் இரத்தம் சோதியுங்கள்.

நிர்வாகங்களிடம் நமது கோரிக்கைகள் இவை. கிளினிக் போகும் நாளில் பெயர் வெட்டக்கூடாது. வருடத்துக்கு ஒரு தடவையாவது எல்லாப் பெண்களுக்கும் தோட்டத்திலேயே இரத்தப் பரிசோதனை நடக்க வேண்டும். சோகை என்று டொக்டர் எழுதிக் கொடுத்த பெண்ணுக்கு, குணமாகும்வரை கொழுந்து நிறையைக் குறைத்து முழுப்பேர் போட வேண்டும். மலையில் மலசலகூடமும் கை கழுவத் தண்ணீரும் வேண்டும். லயத்துக்குப் பக்கத்தில் தோட்டம் போட நிலம் விட வேண்டும்.

அடுத்த மாதர் சங்கக் கூட்டத்துக்கு உங்கள் கிளினிக் அட்டையைக் கொண்டு வாருங்கள். யாருக்கு எத்தனை கிராம் என்று எழுதி எடுப்போம். கொழுந்து நிறுக்கும் தராசை நிர்வாகம் வைத்திருக்கிறது. நமது இரத்தத்தின் கணக்கு நமது கையில் இருக்கட்டும். பேச்சுவார்த்தை மேசையில் அந்தக் கணக்கை வைத்துப் பேசுவோம்.