தேடி வருவார் சொல்லும் நாம் தரும் சொல்லும்



தூய தமிழில் இணையத்தளம் நடத்தும் தொண்டர்கள் இன்று பலர் உளர். மருத்துவம், வேளாண்மை, சொல்லாய்வு எனப் பல துறைகளில் அவர்கள் அரிதின் உழைத்து எழுதி வருகின்றனர். ஆயின், எழுதியவை யாரைச் சென்றடைகின்றன என்னும் வினாவை எழுப்புவோர் சிலரே.

நீரிழிவு பற்றி நல்ல தமிழில் ஒரு பக்கம் எழுதப்பட்டுள்ளது எனக் கொள்வோம். நோயுற்ற தாய்க்கு ஏற்ற உணவினை அறிய விரும்பும் மகன், தேடுபொறியில் 'சர்க்கரை நோய்' என்றோ 'சுகர்' என்றோ தட்டுகின்றான். அதனையும் உரோமன் எழுத்தில் தட்டுவோர் உண்டு. அச்சொற்களுள் ஒன்றேனும் நம் பக்கத்தில் இல்லை. ஒரே பொருள் தரும் சொற்களை இணைத்தறியத் தேடுபொறிகள் ஓரளவு கற்றுள்ளன எனினும், அதனை முற்றும் நம்பியிருத்தல் அறியாமை. அவன் கலப்பு மொழிப் பக்கத்திற்கே போய்ச் சேர்கின்றான். நல்ல செய்தி அவனுக்குக் கிட்டவில்லை. நல்ல சொல் அவன் செவியில் விழவுமில்லை. இருமடங்கு இழப்பன்றோ இது?

வருவோர் எச்சொல்லைத் தட்டி வந்தனர் என்பதை அறிய வழியுண்டு. முன்னர், தேடிய சொற்றொடர் தளத்தின் வருகைப் பதிவேட்டிலேயே விழுந்துவிடும். 2011-இல் கூகுள் அதனை மறைக்கத் தொடங்கி, 2013-இல் ஏறத்தாழ முழுமையாக மறைத்துவிட்டது. இன்று அந்நிறுவனம் தளவுடைமையாளர்க்குக் கட்டணமின்றித் தரும் 'சர்ச் கன்சோல்' என்னும் கருவியில், எச்சொற்றொடருக்கு நம் பக்கம் எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் உள்ளே வந்தனர், எத்தனையாவது இடத்தில் நின்றது என்பவற்றைப் பதினாறு திங்கள் வரை காணலாம். பன்முறை காட்டப்பட்டும் எவரும் நுழையாத சொற்றொடர், நம் தலைப்பின் குறையைச் சுட்டலாம். நுழைந்தவர் கேட்டது நம் பக்கத்தில் இல்லையாயின், அதுவே நாம் அடுத்து எழுத வேண்டிய கட்டுரை. ஆயின் ஒன்றை மறவற்க: நம்மை ஒருமுறையும் காணாதவன் தட்டிய சொல் அப்பட்டியலில் இராது. அதனைத் தெருவிலும் சந்தையிலும் மருத்துவமனை வாயிலிலும் நின்று செவிகொடுத்தே அறிதல் வேண்டும்.

"கலப்புச் சொல்லை நம் பக்கத்தில் ஏற்றுவதா?" எனச் சிலர் சினப்பர். வழி கேட்பவனுக்கு அவன் அறிந்த அடையாளத்தைச் சொல்லித்தானே வழிகாட்ட இயலும்? 'மக்கள் சுகர் என வழங்கும் நோய்க்குத் தமிழ்ப்பெயர் நீரிழிவு' என முதல் வரியில் ஒருமுறை எழுதுக. பின்னர்ப் பக்கம் முழுவதும் நீரிழிவு என்றே எழுதுக. 'கிட்னி ஸ்டோன்' எனத் தேடி வந்தவன் 'சிறுநீரகக் கல்' என்னும் சொல்லோடு திரும்பட்டும். அயற்சொல் வாயிற்படியில் நிற்கட்டும். வீட்டினுள் தமிழே ஆளட்டும். இது விட்டுக்கொடுத்தல் அன்று. சொல்லை மீட்கும் முறை.

இரண்டு எச்சரிக்கைகள் உள. ஒன்று, தேடற்சொற்களுக்கு அடிமையாகிவிடலாகாது. மிகுதியாகத் தேடப்படுவதையே துரத்தி, ஒரே செய்தியைப் பத்துத் தலைப்பில் நிரப்பி விளம்பரப் பணம் ஈட்டும் தளங்கள் மலிந்துள்ளன. எவரும் தேடாத அரிய பொருளையும் எழுதி வைப்பது நம் கடன். நாளை ஒருவன் தேடுவான்.

மற்றொன்று, சொல்லை எண்ணுக, ஆளைத் தொடரற்க. 2006-இல் ஏஓஎல் என்னும் அமெரிக்க நிறுவனம் ஏறத்தாழ 6,50,000 பேரின் தேடல்களைப் பெயர் நீக்கி, எண் மட்டும் இட்டு வெளியிட்டது. சில நாள்களுக்குள் ஒரு நாளிதழ், அத்தேடல்களைக் கொண்டே அவருள் ஒருவரை இன்னாரெனக் கண்டறிந்தது. நோயும் கடனும் குடும்பத் துயரும் மனிதன் தேடுபொறியிடம் கூறும் மறைபொருள்கள். அவற்றைத் துருவுதல் தமிழ்ப்பண்பு ஆகாது.

ஆதலின் தொண்டர்களே, திங்களுக்கு ஒருமுறையேனும் அப்பட்டியலைப் படியுங்கள். நம் சொல் வாழ வேண்டுமாயின், அது மக்கள் தேடும் இடத்தில் நிற்றல் வேண்டும். எவரும் நுழையாத வீட்டில் விளக்கேற்றி வைத்து, இருளை ஓட்டினோம் என மகிழ்ந்திருத்தல் தகுமோ?