மூட்டை அளக்கும் கருவி

கோதையாற்றின் குறுக்கே 1906ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணை, நாஞ்சில் வயல்களுக்கு நீர் தந்தது. நீர்ப்பரப்புக்கு அப்பாலுள்ள சில காணிக் குடியிருப்புகளுக்கோ, ஊருக்கு வரவே படகு வேண்டும் என்னும் நிலையைத் தந்தது. அங்கே பக்கவாதத்தால் ஒரு கால் தளர்ந்த முதியவர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். இயன்முறைப் பயிற்சி இடைவிடாது செய்தால்தான் பயன் தரும். ஆசாரிப்பள்ளத்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. நாள்தோறும் சென்று வருதல் யாருக்கு இயலும்?

2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 5ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இயன்முறைச் சிகிச்சையை இல்லத்திற்கே கொண்டு செல்கிறது. எனினும், ஒரு வருகைக்கும் அடுத்த வருகைக்கும் இடைப்பட்ட நாள்களில் நோயாளி காலைச் சரியாக மடக்குகிறாரா எனக் காண்பவர் இல்லை. ஆழ்கற்றல் நுழையத் தக்க இடம் இதுவே.

ஒளிப்படத்தில் மூட்டுகளின் இடத்தைச் செயற்கை நரம்பு வலையால் கண்டறியலாம் என்பதை 2014இல் 'டீப்போஸ்' என்னும் ஆய்வு காட்டியது. 2020இல் கூகுள் வெளியிட்ட 'பிளேஸ்போஸ்', கைப்பேசியிலேயே உடலின் 33 புள்ளிகளைப் பின்தொடர்கிறது. இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய மூன்று புள்ளிகள் கிடைத்துவிட்டால், முழங்கால் மடங்கும் கோணத்தைக் கணக்கிடலாம். பதினோராம் வகுப்பு முக்கோணவியலே அதற்குப் போதும். காணொலியை அனுப்ப வேண்டியதில்லை. எண்களை அனுப்பினால் போதும். அலைபேசித் தொடர்பு மெலிந்த மலைப்புறத்திற்கு இது நன்மை. நோயாளியின் வீடும் உடலும் பிறர் பார்வைக்குச் செல்லாதிருப்பது அதனினும் பெரிய நன்மை.

ஆயினும், வேட்டிக்குள்ளும் சேலைக்குள்ளும் மறைந்த முழங்காலைக் கருவி ஊகித்தே சொல்கிறது. ஒற்றை ஒளிப்படக்கருவியை நோக்கி நீட்டிய காலின் அளவு எளிதில் பிழைபடும். வலி பொறுக்காமல் பாதியில் நிறுத்தியவரும், சலிப்பால் நிறுத்தியவரும் அதற்கு ஒரே கோணந்தான். வலியை முகத்தில் படித்து, பயிற்சியை மாற்றிச் சொல்ல ஒரு மனிதர் வேண்டும். ஆதலால், இல்லம் தேடி வருபவரின் எண்ணிக்கையைக் குறைப்பதற்கு இக்கருவியைக் காரணம் காட்டுவது முறையன்று.

நகரத்து ஆய்வுக்கூடத்தில் பெற்ற வெற்றியும் போதாது. மங்கிய வெளிச்சமுள்ள திண்ணையில், வேட்டி கட்டிய முதியவரின் முன், அவருடைய இசைவோடு இக்கருவி சோதிக்கப்பட வேண்டும். அது எங்கே தவறுகிறது என்பதை, அவருடைய காலைக் கையால் தொட்டு மடக்கிப் பார்த்த இயன்முறை மருத்துவரே முதலில் கண்டு சொல்வார்.