பழைய பேப்பர் கடைக்குப் போகுது நம்ம ஊர்க் கணக்கு

வீட்டை இடிச்சுக் கட்டுறவங்க முதல்ல தூக்கி எறியுறது எதைத் தெரியுமா? பரண்ல கிடக்கிற தகரப் பெட்டியை. தாத்தா காலத்துக் கிரயப் பத்திரம், கிஸ்தி ரசீது, கல்யாண போட்டோ, கம்மாய் மராமத்து நோட்டு எல்லாம் மொத்தமா பழைய பேப்பர் கடைக்குப் போயிடுது. ஏன்யா இப்படின்னு கேட்டா, "செல்லரிச்சதை வச்சு என்ன செய்ய?"ங்கிறாங்க. இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எரிச்சலாகித்தான் இதை எழுதுறேன்.

என்ன செய்யன்னு சொல்றேன், கேளுங்க. 1979-லேருந்து 1987 வரைக்கும் தமிழ்நாடு பூரா யூ.டி.ஆர். நடந்துச்சு. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம்னு பேரு. அதுல பேரு மாறி, சர்வே நம்பர் மாறி, பரப்பு குறைஞ்சு போனதா புலம்பாத ஊர் உண்டா? இன்னைக்கு கம்ப்யூட்டர்ல எடுக்கிற பட்டா அந்தப் பதிவு மேலதான் நிக்குது. அங்க பிழைன்னா இங்கயும் பிழைதான். அதைத் திருத்தணும்னா அதுக்கு முந்தின காகிதம் வேணும். மூலப் பத்திரமும் கிஸ்தி ரசீதும் எங்க இருந்துச்சு? நீங்க எடைக்குப் போட்ட பெட்டிக்குள்ள!

எங்க ராமநாதபுரம் சீமைக்குக் கூடுதல் சிக்கல். 1948 ஜமீன் ஒழிப்புச் சட்டம் வர்ற வரைக்கும் கணக்கு வழக்கெல்லாம் சமஸ்தானம், ஜமீன் கையில. அப்புறம் சர்க்கார் செட்டில்மென்ட். 1980-ல கர்ணம் பதவி போச்சு. 1985-ல ஜில்லாவே மூணாப் பிரிஞ்சுச்சு. பரம்பரைப் பதவி ஒழிஞ்சது நல்லதுதான், அதுல எனக்கு மறுபேச்சு இல்ல. ஆனா ஒவ்வொரு மாத்தத்துலயும் காகிதம் கைமாறிக் கைமாறிப் போச்சே தவிர, ஊருக்குன்னு ஒரு நகல் வைக்கணும்னு எவருக்கும் தோணல.

பக்கத்துல ராஜசிங்கமங்கலம் கம்மாயை எடுத்துக்குங்க. "நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை"ன்னு பெருமையாச் சொல்லுவோம். எந்த மடைத் தண்ணி எந்த ஊர் வயலுக்குப் பாஞ்சுச்சு, வரத்துக்கால் எந்த வழியா வந்துச்சு, மராமத்துக்கு எந்த ஊர் எத்தனை ஆள் அனுப்புச்சுன்னு கேட்டா எத்தனை பேர் சொல்லுவோம்? அதைச் சொல்லத் தெரிஞ்ச பெரியவங்க வருசத்துக்கு வருசம் குறையுறாங்க. வரத்துக்காலை முதல்ல சீமைக்கருவேலம் மூடும். அப்புறம் ஒருத்தர் வேலி போடுவாரு. அன்னைக்கு "இங்க ஓடை இருந்துச்சு"ன்னு வாயால சொன்னா யாரு கேப்பா? புலப்படமும் அ-பதிவேடும்தான் பேசும். அந்த நகலுக்காக ஒரு அலுவலகத்துக்கு நாலு தடவை அலைஞ்சவன் நான். வாயால கேட்டப்ப "இல்ல"ன்னாங்க. தகவல் உரிமைச் சட்டத்துல எழுதிக் கேட்ட பிறகுதான் பீரோவையே தொறந்தாங்க.

காகிதம் மட்டுமில்ல, போட்டோவும்தான். 1964 டிசம்பர் 22 ராத்திரி தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோச்சு. இன்னைக்கு தனுஷ்கோடின்னாலே இடிஞ்ச சர்ச்சும் ரயில்வே சுவரும்தான் நம்ம கண்ணுக்கு வருது. அங்க கடை வச்சவங்க, வலை இழுத்தவங்க, பள்ளிக்கூடம் போன பிள்ளைக, ரயிலை விட்டு இறங்கி தலைமன்னாருக்குக் கப்பல் ஏறுன சனம், இவங்க முகம் நம்ம மனசுல இருக்கா? அங்க புயல் அள்ளிட்டுப் போச்சு. நம்ம ஊர்ல எந்தப் புயல் வந்துச்சு? நாமளே அள்ளிக் குடுக்கிறோம்.

"நாம என்ன ராஜ வம்சமா, வரலாறு எழுத?"ன்னு சிலர் சிரிப்பாங்க. கனடாவுல சஸ்காட்சுவான், அல்பர்ட்டான்னு கோதுமை விளையுற ரெண்டு மாகாணம். 1905-ல மாகாணமானது. எழுபத்தஞ்சாவது வருசம் 1980-ல வந்தப்ப, ஊர் ஊரா குடியானவங்களே கூடி, குடும்பக் கதையையும் பழைய போட்டோவையும் சேத்து ஊர் வரலாறு புத்தகம் போட்டாங்க. புல் கரணையை அடுக்கிக் கட்டுன வீடு, முதல் பள்ளிக்கூடம், கதிரடிக்கிற கூட்டம்னு எல்லாம் அதுல இருக்கு. அவங்களும் கலப்பை பிடிச்சவங்கதான்.

ஆனா அங்கயும் ஒரு கோளாறு. அந்த மண்ணுல காலங்காலமா இருந்த பூர்வகுடிகளைப் பத்தி அந்தப் புத்தகங்கள்ல பெரும்பாலும் கொஞ்சம்தான் இருக்கும். நம்ம ஊர்ல அது நடக்கக் கூடாது. பட்டாதாரர் பேரு மட்டும் எழுதுனா அது சொத்துப் பட்டியல். கடலுக்குப் போனவங்க, கூலிக்கு நாத்து நட்டவங்க, வெயில்ல மிளகாய் பழம் பறிச்ச பொம்பளைங்க, எல்லார் பேரும் முகமும் வரணும்.

நம்ம பக்கமும் ஆளில்லாம இல்ல. பழைய ராமநாதபுரம் ஜில்லாவுல இருந்த கோட்டையூர்ல ரோஜா முத்தையா செட்டியார்னு ஒரு தனி மனுசர் புத்தகமும் நோட்டீசும் அழைப்பிதழுமாச் சேத்து வச்சாரு. 1992-ல அவரு மறைஞ்ச பிறகு அதை வாங்குனது சிகாகோ பல்கலைக்கழகம். 1994-ல சென்னையிலயே நூலகமாச்சு. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்துக்காரங்க, லண்டன் பிரிட்டிஷ் நூலகத்து உதவியோட, ஊர்ப் பஞ்சாயத்துக் காகிதங்களையும் ஸ்டூடியோ போட்டோக்களையும் தேடித் தேடிப் படமெடுத்தாங்க. நம்ம குப்பையோட மதிப்பு சிகாகோவுக்கும் லண்டனுக்கும் தெரியுது. நமக்கு மட்டும் கிலோ கணக்கு!

நான் கேக்குறது மூணே மூணு. ஒண்ணு, ஒவ்வொரு பஞ்சாயத்து ஆபீஸ்லயும் அ-பதிவேடு, புலப்படம், கம்மாய் வரைபடம் நகல் இருக்கணும், யாரு கேட்டாலும் காட்டணும். ரெண்டு, இதைக் கிராம சபையில தீர்மானமாப் போடணும். மூணு, நம்ம வீட்டுப் பெட்டியை நாமளே தொறக்கணும். போன்ல படமெடுங்க. போட்டோ பின்னால பென்சில்ல மெதுவாப் பேரு எழுதுங்க. பழசை லேமினேஷன் மட்டும் பண்ணிடாதீங்க, அப்புறம் பிரிக்கவே முடியாது. முகத்தைப் பாத்துப் பேரு சொல்ல அப்பத்தா இருக்கும்போதே கேட்டு எழுதுங்க.

வர்ற ஆகஸ்ட் 15 கிராம சபையில இந்தத் தீர்மானத்தை எழுதிக் குடுக்கப் போறேன். வேண்டாம்னு சொல்றவங்க காரணத்தோட வாங்க, பேசுவோம். "என்ன செய்ய"ங்கிற பதிலோட மட்டும் வந்துடாதீங்க.