கமிஷனா, சம்பளமா?

காலை ஒன்பது மணிக்குக் கம்பெனி ஆபீஸில் ஆஜராக வேண்டும். அன்று எந்தத் தெருவுக்குப் போவதென்பதை மானேஜர் நிர்ணயிப்பார். வேறொரு கம்பெனியின் சரக்கைத் தொடக்கூடாது. மாதக் கடைசிக்குள் இத்தனை விற்றாக வேண்டும், விற்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம். இவ்வளவுக்கும் உட்பட்டு உழைக்கும் வாலிபனைச் 'சுயேச்சை ஏஜெண்டு' என்று காகிதத்தில் எழுதி, அவனுடைய ஊதியத்துக்குக் கமிஷன் என்று பெயரிட்டு, அந்தப் பெயரிலேயே வரியும் பிடித்துக் கட்டிவிடுகிற வழக்கம் நமது தேசத்தில் வேரூன்றிவிட்டது. சர்க்கார் இதைக் கண்டும் காணாமலிருப்பது நியாயமன்றென்பது நமது அபிப்பிராயம்.

ஊழியனுக்குக் கொடுப்பது சம்பளமானால், அவனுடைய வருஷ வருமானம் முழுவதையும் கணக்கிட்டு வரி பிடிக்க வேண்டும். தரகனுக்குக் கொடுப்பது கமிஷனானால் ஒரே விகிதம். முன்பு 100-க்கு 5 ஆக இருந்தது, 2024 அக்டோபர் 1-ந் தேதி முதல் 2 ஆகக் குறைக்கப்பட்டது. எது சம்பளம், எது கமிஷன் என்று முதலில் தீர்மானிப்பவர் யார்? பணம் கொடுக்கும் கம்பெனியே! இத்தனைக்கும், சம்பளத்துக்குப் பதிலாகவோ அதற்கு மேலாகவோ தரப்படும் கமிஷனும் சம்பளமே என்று 1961-ம் வருஷத்து வருமான வரிச் சட்டத்தின் 17-வது பிரிவு கூறிற்று. பெயரைக் கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது.

சௌராஷ்டிர உப்பளத் தொழிலாளரின் வழக்கில் 1956-ல் சுப்ரீம் கோர்ட்டு இதைத் தெளிவாக்கியிருக்கிறது. அவர்கள் மணங்குக்கு இவ்வளவென்று கூலி பெற்றவர்கள்; உதவியாட்களைத் தாங்களே அமர்த்திக்கொண்டவர்கள். கண்ட்ராக்டர்களேயன்றி வேலையாட்களல்லவென்று கம்பெனி வாதித்தது. வேலையை எப்படிச் செய்வதென்று கட்டளையிடும் அதிகாரம் யாரிடமிருக்கிறது என்பதையே முக்கியமாகக் கவனித்து, அவர்கள் தொழிலாளரே என்று கோர்ட்டு முடிவு செய்தது. உப்பு வாருகிறவனுக்குப் பொருந்திய நியாயம் சோப்பு விற்கிறவனுக்குப் பொருந்தாதா?

100-க்கு 2 தானே போகிறது, அவனுக்கு லாபமென்று சிலர் சொல்லக்கூடும். வருஷக் கடைசியில் பார்த்தால் உண்மை விளங்கும். 2024-ம் வருஷத்து பட்ஜெட் புதிய வரி முறையில் சம்பளக்காரனுக்கு அளித்த 75,000 ரூபாய்க் கழிவு இவனுக்கில்லை. மொத்த வரவில் ஒரு பங்கை லாபமென்று காட்டிச் சிறு வியாபாரி கணக்கு முடிக்கும் சலுகை உண்டே, கமிஷன் பெறுவோரை அதிலிருந்தும் சட்டம் விலக்கிவைத்தது. செலவைக் கழிக்க வேண்டுமானால் பெட்ரோலுக்கும் பஸ்ஸுக்கும் டீக்கும் ரசீது காட்ட வேண்டும். டீக்கடையில் ரசீது கேட்டுப் பார்த்தவர்களுக்கு அதன் வேடிக்கை தெரியும்.

இதனினும் பெரிய நஷ்டம் வேறிடத்தில் இருக்கிறது. ஏஜெண்டு என்ற ஒரு சொல்லால் முதலாளி செலுத்த வேண்டிய பிராவிடெண்டு பண்டும், ஆஸ்பத்திரிச் சௌகரியத்துக்கான இன்ஷூரன்ஸும், கிராஜுவிட்டியும் ஒருங்கே மறைந்துவிடுகின்றன. வரி எப்படியும் வந்துவிடுவதால் வரி உத்தியோகஸ்தருக்கு இதில் கவலையில்லை. மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டவனுக்குத்தான் கவலை.

உண்மையான ஏஜெண்டுகளை ஊழியராக்கும்படி நாம் கோரவில்லை. பல கம்பெனிகளின் சரக்கை விற்கும் தரகரும், தம் நேரத்தையும் வாடிக்கையையும் தாமே தேர்ந்து, பழைய பாலிஸிகளுக்கு வருஷந்தோறும் கமிஷன் பெறும் ஆயுள் இன்ஷூரன்ஸ் ஏஜெண்டும் அப்படியே இருக்கட்டும்.

மற்றவர்களைக் கண்டுபிடிக்கப் புதிய கணக்கெடுப்பு எதுவும் வேண்டாம். யாருக்கு எவ்வளவு கமிஷன் கொடுத்து எவ்வளவு வரி பிடித்தோமென்று கம்பெனிகள் மூன்று மாதத்துக்கொருமுறை வருமான வரி இலாகாவுக்குத் தெரிவிக்கின்றன. பன்னிரண்டு மாதமும் ஒரே கம்பெனியிடமிருந்து மட்டும் கமிஷன் பெற்றவர்களின் ஜாபிதாவை எடுத்துப் பிராவிடெண்டு பண்டு ஆபீஸுக்கு அனுப்பினால், விசாரணையை எங்கே தொடங்குவதென்பது விளங்கிவிடும். நிதி மந்திரி இவ்வளவுக்காவது உத்தரவிடலாம். விற்பனைப் பிரசார ஊழியருக்கு நியமனக் கடிதம் தரவேண்டுமென்று 1976-லேயே பார்லிமெண்டு சட்டமியற்றியது. அந்தக் கடிதம் கிடைத்ததா என்று தொழிற்சங்க ஊழியர்கள் ஒவ்வொரு வாலிபனையும் இன்றே கேட்கத் தொடங்கட்டும்.