'பரியா' எனும் பழிச்சொல்

ஆங்கிலத்திற் குடியேறிய தமிழ்ச் சொற்களைப் பட்டியலிட்டுப் பெருமை கொள்வார் பலர். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் ஆகியவை அவர்தம் நாவில் முந்தி நிற்கும். அப்பட்டியலில் அவர்கள் விரைந்து கடந்துவிடும் சொல் ஒன்றுண்டு. அதுவே 'பரியா'.

எதற்கும் உதவாதவன், எவரும் அண்டத் தகாதவன் என ஒருவனை இழித்துரைக்க ஆங்கிலேயர் வழங்கும் சொல் இது. தெருவில் திரியும் நாய்க்கும் இப்பெயரையே இட்டனர். பிற நாடுகள் ஒதுக்கிவைத்த அரசை இன்றும் 'பரியா நாடு' என்றே எழுதுகின்றனர். செருமானிய அறிஞர் மேக்சு வெபர் யூதரைப் 'பரியா மக்கள்' என்றார். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில நூலேறி, 19ஆம் நூற்றாண்டில் பொது வசையாய்ப் பரவிய இச்சொல்லின் வேர் யாது? 'பறையர்' எனும் நம் சொல்லே!

பறை என்பது இசைக்கருவி; பறைதல் என்பது சொல்லுதல். தொல்காப்பியம் திணைதொறும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் எண்ணுகின்றது. புறநானூற்றின் 335ஆம் பாட்டு, பறையனைப் பாணனோடும் துடியனோடும் கடம்பனோடும் ஒரே வரிசையில் நிறுத்துகின்றது. இத்துணைப் பழம்பெருமை வாய்ந்த பெயர் வசையானது எங்ஙனம்?

வெள்ளையனைப் பழிப்பது எளிது. ஆனால், இவ்விழிவை அவன் தன் கப்பலில் கொணர்ந்து இறக்கவில்லை. ஊருக்குப் புறத்தே சேரி, குடிநீருக்கு வேறு கிணறு, கோயில் வாயிலில் தடை, இவற்றை அவன் இங்கே கண்டான், கண்டதை எழுதினான். இழிபொருளை நாம் கொடுத்தோம். ஒலியைத்தான் அவன் திரித்தான்!

1893இல் இரட்டைமலை சீனிவாசனார் தம் இதழுக்குப் 'பறையன்' என்றே பெயரிட்டார். பழித்தவர் முன்னிலையில் அப்பெயரைத் தலைநிமிர்த்தி நிறுத்திய துணிவு அது. 2011இல் மலேசியாவில், பள்ளிப் பாடநூலாயிருந்த 'இன்டர்லோக்' எனும் மலாய்ப் புதினம் இந்தியாவினின்று சென்றோரை இச்சொல்லால் குறித்தமைக்கு எதிர்ப்பு மூண்டது. அந்நூல் பள்ளிகளினின்று விலக்கப்பட்டது. அயலான் வாயிலிருந்து வரும்போது இச்சொல் நம்மைச் சுடுகின்றது. நம் வாயிலிருந்து புறப்பட்டு நம்மவரையே அது சுடுவதை உணர்ந்தோமா?

தமிழன்பர் செய்யத்தக்கவை இரண்டு. ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவோர் 'பரியா நாடு' என ஒலிபெயர்க்காது 'ஒதுக்கப்பட்ட நாடு' என்றே எழுதுக. அதனினும் முதன்மையானது, வீட்டிலும் தெருவிலும் பள்ளியிலும் குலப்பெயரை வசையாய் வழங்கும் கீழ்மையை வேரோடு களைக. அயற்சொல்லைக் களைந்தும் நெஞ்சின் அழுக்கைக் களையாதவன் பேசுவது தூய தமிழன்று!