கணக்கில் வராத குழந்தைகள்

1995 ஆம் ஆண்டு ஒக்ரோபர் 30. வலிகாமமே நாவற்குழிப் பாலத்தை நோக்கி நடந்த அந்த இரவை இதை வாசிப்பவர்களில் பலர் மறந்திருக்கமாட்டீர்கள். நானும் அந்தச் சனத்தோடு நடந்தவன்.

தென்மராட்சியில் ஒரு பாடசாலை வகுப்பறையில் ஆறு குடும்பங்களாக ஒதுங்கினோம். அதில் ஒரு தாய்க்குப் பத்தொன்பது வயது. மடியில் ஒன்றரை மாதக் குழந்தை. பிறக்கும்போதே நிறை குறைவு. அலைச்சலில் தாய்க்குப் பால் வற்றிவிட்டது என்று யாரோ சொல்ல, மாவைக் கரைத்துப் போத்தலில் கொடுத்தார்கள். நூற்றுக்கணக்கானோர் அள்ளிய கிணற்றுத் தண்ணீர்தான். விறகு மழையில் நனைந்துபோய்க் கிடந்ததால் அதைக் கொதிக்க வைக்கவும் முடியவில்லை. மூன்றாம் நாள் வயிற்றோட்டம் தொடங்கியது. ஐந்தாம் நாள் குழந்தை இல்லை. பக்கத்துத் தோட்டக் காணியில் புதைத்தோம். பிறப்பும் பதியப்படவில்லை, இறப்பும் பதியப்படவில்லை.

அந்தக் குழந்தை எதனால் இறந்தது? வயிற்றோட்டம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம். ஆனால் அதே கிணற்றுத் தண்ணீரைக் குடித்த வேறு குழந்தைகள் பிழைத்தன. இந்தக் குழந்தை மட்டும் ஏன் பிழைக்கவில்லை என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

வறிய நாடுகளின் குழந்தை இறப்பை ஆராய்ந்த ஹென்றி மோஸ்லி, லிங்கன் சென் என்ற இருவரும் 1984 இல் இதற்கு ஒரு வழியைக் காட்டினார்கள். வறுமை நேரடியாகக் குழந்தையைக் கொல்வதில்லை, அது ஐந்து வழிகளால் உள்ளே வருகிறது என்றார்கள். தாயின் வயதும் பிள்ளைகளுக்கு இடையிலான இடைவெளியும் ஒன்று. நீர், உணவு, சூழல் என்பவற்றின் அசுத்தம் இரண்டாவது. போசாக்கின்மை மூன்றாவது. விபத்தும் காயமும் நான்காவது. நோயைத் தடுக்கவும் வந்தால் உடனே வைத்தியம் பெறவும் உள்ள வசதி ஐந்தாவது. எங்கள் வகுப்பறைக் குழந்தைக்கு இவற்றில் நான்கு வழிகள் ஒரே வாரத்தில் திறந்திருந்தன. திறந்துவிட்டது போர்.

உலகில் 2022 இல் ஐந்து வயதுக்கு முன் இறந்த குழந்தைகள் ஏறத்தாழ 49 இலட்சம். நைஜீரியாவில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேற்பட்டவை ஐந்தாவது பிறந்தநாளைக் காண்பதில்லை. இலங்கையில் அந்த எண்ணிக்கை பத்துக்கும் குறைவு. பணக்கார நாடாக இல்லாமலே இதைச் சாதித்த இடங்களாக கேரளா, கொஸ்தாரிக்கா ஆகியவற்றோடு இலங்கையையும் 1986 இல் எடுத்துக்காட்டினார் அவுஸ்திரேலியச் சனத்தொகை ஆய்வாளர் ஜோன் கால்ட்வெல். பெண் கல்வி, இலவச வைத்தியம், வீடு தேடி வரும் மருத்துவ மாது ஆகியவை அதற்கான முக்கிய காரணங்கள். இதில் யாழ்ப்பாணத்துக்கும் பங்குண்டு. 1898 இலேயே இணுவிலில் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமென மக்லியொட் வைத்தியசாலை திறக்கப்பட்ட மண் இது.

ஆனால் அந்தப் பெருமைக்குள் மறைந்து கிடக்கும் ஒரு விடயத்தை எம்மவர் பலர் அறியமாட்டார்கள். குழந்தை இறப்பின் காரணிகளை அறிய உதவும் முக்கியமான ஆய்வு குடித்தொகை மற்றும் சுகாதார அளவீடு. தாய்மாரிடமே சென்று எத்தனை பிள்ளை பெற்றீர்கள், எத்தனை உயிரோடு இருக்கின்றன, எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்பார்கள். இலங்கையில் 1987, 1993, 2000, 2006-07 ஆகிய நான்கு தடவைகளில் இது நடந்தது. நான்கிலும் வடமாகாணம் இல்லை. எல்லா மாவட்டங்களும் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது 2016 இல்தான். குடிசன மதிப்பீடும் அப்படித்தான். 1981 இற்குப் பின் வடக்கு முழுமையாக எண்ணப்பட்டது 2012 இல்.

அதாவது, எங்கள் குழந்தைகளுக்கு ஆபத்து மிகக் கூடியிருந்த முப்பது வருடங்களில், ஆபத்தைக் கண்டறியும் கண் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. உலகுக்குக் காட்டப்பட்ட அந்த அளவீடுகளில் எங்கள் வகுப்பறைக் குழந்தை இல்லை.

அந்தக் காலத்திலும் முழுப் பேரழிவு நேராமல் காத்தவர்களை மறக்கக்கூடாது. பொருளாதாரத் தடைக்குள்ளும் சைக்கிளில் வீடு வீடாகப் போன குடும்ப நல உத்தியோகத்தர்கள், எங்களுக்கு 'மிட்வைவ் மிஸ்'மார். போலியோ சொட்டு மருந்துக்காக இரு தரப்பும் துப்பாக்கிகளை நிறுத்திய நாட்களும் இருந்தன. இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி காணப்பட்டது 1993 இல். போருக்குள்ளும் ஐந்தாவது வழியை அடைக்க முடியும் என்பதற்கு இது சாட்சி.

இன்று நிலைமை வேறு. வயிற்றோட்டத்தால் குழந்தை இறப்பது எங்களிடம் அரிது. இப்போதைய இறப்புகளில் பெரும்பகுதி பிறந்து முதல் 28 நாட்களுக்குள் நிகழ்கிறது. குறைமாதப் பிறப்பு, பிறவிக் குறைபாடு, கிருமித்தொற்று ஆகியவையே முக்கிய காரணங்கள். ஆகவே குழந்தையைக் காக்கும் வேலை தாயின் வயிற்றிலிருந்தே, அதற்கும் முன்பிருந்தே தொடங்க வேண்டும். இளவயதுத் திருமணம், தாயின் இரத்தச்சோகை, 2022 நெருக்கடிக்குப் பின் சுருங்கிப்போன சாப்பாட்டுத் தட்டு ஆகியவற்றை வறுமையின் அடையாளங்களாக மட்டும் பார்த்துவிட்டுப் போக முடியாது. அவை ஆபத்துக் காரணிகள்.

எங்கள் மண்ணுக்கே உரிய இரண்டையும் சொல்ல வேண்டும். முதலாவது கிணற்று நீர். சுண்ணாம்புக்கல் நிலத்துக்குள் தோட்டப் பசளையும் மலசலகூடக் குழியின் கழிவும் எளிதில் இறங்கிவிடும். வலிகாமத்தின் தோட்டப் பகுதிகளில் பல கிணறுகளில் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பது கண்டறியப்பட்டிருக்கிறது. அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் சின்னக் குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவும் திறனை இழந்து உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. நீர் வற்ற வற்ற அதன் செறிவு கூடும். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பது இங்கே இரட்டைப் பாதுகாப்பு.

இரண்டாவது கட்டில்லாக் கிணறு. மீளக்குடியேறிய இடங்களில் இடிந்த வீடுகளுக்குப் பின்னால், பற்றைக்குள் அவை மறைந்து கிடக்கின்றன. நடை பழகும் பிள்ளைக்கு ஒரு நிமிடம் போதும். ஒரு கட்டும் ஒரு கம்பி வலையும் போட்டால் தடுக்கக்கூடிய சாவு இது.

கேட்க வேண்டியவற்றை நாங்கள் கேட்க வேண்டும். எங்கள் பிரிவில் மிட்வைவ் மிஸ் இருக்கிறாரா, இல்லை ஒருவரே இரண்டு மூன்று பிரிவுகளைப் பார்க்கிறாரா? வீட்டுக் கிணறு பரிசோதிக்கப்பட்டதா? ஒரு சிசு இறந்தால் ஏன் இறந்தது என்று ஆராய்ந்து, அந்த ஊருக்கே அதன் பாடம் சொல்லப்படுகிறதா? வீட்டிலும் கவனிக்க வேண்டியது உண்டு. பால் குடிக்க மறுத்தல், காய்ச்சல் அல்லது உடல் குளிர்தல், வேகமான மூச்சு, வலிப்பு ஆகியவற்றில் எது கண்டாலும் பச்சைக் குழந்தையை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோக வேண்டும். வளர்ந்த பிள்ளைக்கு வயிற்றோட்டம் என்றால் முதல் மணித்தியாலத்திலேயே ஜீவனி கொடுக்கத் தொடங்க வேண்டும்.

அந்தத் தாயை அண்மையில் கண்டேன். பேரப்பிள்ளையின் கிளினிக் கொப்பியோடு பஸ்ஸுக்கு நின்றார். எத்தனை பிள்ளைகள் என்று கூட இருந்த ஒருவர் கேட்டார். "மூண்டு" என்றவர், என்னைக் கண்டதும் திருத்திக்கொண்டார். "பெத்தது நாலு அண்ணை. பதிவிலை இருக்கிறது மூண்டு."

பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பதிவோம். இறந்தால் அதையும், அதன் காரணத்தையும் பதிவோம். அந்த நான்காவது பிள்ளைக்கு இனி எங்களால் செய்யக்கூடியது அவ்வளவுதான்.