பட்டறை என்றால் கை வேலை செய்ய வேண்டும்!

கல்லூரிகளில் இப்போது "பட்டறை" என்ற பேச்சு அதிகமாக அடிபடுகிறது. கம்ப்யூட்டர் துறையில் "பொருள்நோக்கு நிரலாக்கம்" பற்றிப் பட்டறை நடத்துகிறார்கள். நல்ல காரியம். ஆனால், பட்டறை என்று பெயர் வைத்துவிட்டுப் பிரசங்கம் செய்தால், அது பட்டறை ஆகுமா?

பேட்டையையே பாருங்கள். 1878-ல் தோன்றிய ம.தி.தா. இந்துக் கல்லூரி இன்று அங்கே இருக்கிறது. அரசினர் தொழிற்பயிற்சி நிலையமும் இருக்கிறது. பயிற்சி நிலையத்தில் அரம் பிடிக்காதவன் பிட்டர் ஆவதில்லை. இரும்பை எப்படித் தேய்ப்பது என்று இரண்டு நாள் கேட்டு மட்டும் வந்தவனை எவரும் வேலைக்கு வைத்துக்கொள்ள மாட்டார்கள். கம்ப்யூட்டருக்கும் அதே நியாயம்தான்.

பல பட்டறைகளில் நடப்பது என்ன? குத்துவிளக்கு, வரவேற்புரை, சால்வை, தலைமையுரை. அரை நாள் போயிற்று! மீதி நேரம் திரையில் படம். மாலையில் சான்றிதழ். மாணவன் கம்ப்யூட்டரைத் தொட்டது அரை மணி நேரம் இருக்கலாம்.

பிறந்த கதை

இந்தக் கலை மேடையில் பிறந்தது அல்ல. நார்வே நாட்டில் டால், நைகார்டு என்ற இருவர், வரிசையில் காத்திருப்போர், இயந்திரங்கள் இவற்றின் நடமாட்டத்தைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்க்க விரும்பினார்கள். அதற்காக உருவான மொழியே "சிமுலா". 1967-ல் ஆஸ்லோ அருகே நடந்த மாநாட்டில் அதன் புதிய வடிவத்தை எடுத்து வைத்தார்கள். சி++, ஜாவா எல்லாம் அதன் வழி வந்தவையே. 2001-ம் ஆண்டுக்கான டூரிங் பரிசு இருவருக்கும் கிடைத்தது. கண்முன் இருந்த வேலையிலிருந்துதான் அந்தக் கருத்து பிறந்தது.

நம் ஆறு போதாதா?

நமக்கும் உதாரணம் வாசலில் ஓடுகிறது. தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள். "அணைக்கட்டு" என்பது ஓர் இனக்குழு. சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் ஒவ்வொன்றும் அதைச் சேர்ந்த பொருள். நீர்மட்டம் அதன் விவரம். மடையைத் திறப்பது அதன் செயல். வெளியார் நீர்மட்டத்தை நேரே மாற்ற முடியாது. "மடையைத் திற" என்று அணைக்கட்டிடம்தான் கேட்க வேண்டும். சுத்தமல்லியில் ஒரு கால்வாய். மருதூரிலும் ஸ்ரீவைகுண்டத்திலும் இரண்டிரண்டு. பொதுக் குணங்களை வாங்கிக்கொண்டு, இரண்டாவது கால்வாயை மட்டும் கூடுதலாகச் சேர்த்தால், அதுதான் மரபுரிமம்! இதைப் பிள்ளைகளே எழுதட்டும். தப்பு வரட்டும். தப்பைத் திருத்தும்போதுதான் பாடம் மனத்தில் நிற்கும்.

தமிழில் சொன்னால் என்ன?

பிளஸ் ஒன் புத்தகத்தில் சி++ பாடத்தைத் தமிழிலேயே படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் உண்டு. கல்லூரியில் அதே விஷயம் ஆங்கிலத்தில் வந்ததும், தெரிந்ததும் தெரியாதது போல ஆகிவிடுகிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் "ஸ்போக்கன் டுடோரியல்" திட்டம் சி++ பாடங்களைத் தமிழ்க் குரலிலும் தருகிறது. மும்பையில் முடிவது நெல்லையில் முடியாதா? தமிழில் விளக்கி, ஆங்கிலச் சொல்லையும் பக்கத்தில் பழக்கிவிட்டால் போதும்.

என்ன செய்யலாம்?

முப்பது பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். இரண்டு பேருக்கு ஒரு கம்ப்யூட்டர். முதல் நாளே எல்லாம் ஓடுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். வரவேற்புக்குப் பத்து நிமிஷம் தாராளம். ஆசிரியர் மேடையை விட்டு இறங்கி நடக்கட்டும். சான்றிதழை அன்றே கொடுக்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து, சொந்தமாக எழுதிய நிரலுடன் வருகிறவருக்குக் கொடுங்கள்.

வீட்டிலேயே முதன்முதலாகக் கல்லூரி வாசல் மிதித்த பிள்ளை, அந்தக் காகிதத்தை நம்பித்தான் வேலை கேட்டுப் போகிறது. அங்கே, "பத்து வரி எழுதிக் காட்டு" என்பார்கள். அப்போது காகிதம் பேசாது. கைதான் பேச வேண்டும்!